விடைக் கோப்பில் இல்லாத வரி

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் சிடி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், டாக்டர்கள் உட்பட. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜிப் வைத்த கறுப்புப் பை ஒன்றில் முப்பது நாற்பது சிடிகளை அடுக்கிக்கொண்டு மாடிக்கு மாடி ஏறி இறங்குவாள். எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் பையைத் திறந்து, ஒரு சிடியை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து உள்ளே தள்ளுவாள். பிறகு சிடியே இல்லாமல் போயிற்று. அதைச் செருகுகிற வாய் இல்லாத கம்ப்யூட்டர்கள் வந்தன. பெயர் மட்டும் போகவில்லை. புதிதாகச் சேர்ந்த நர்சுகள் சிலர் அதை அவளுடைய இனிஷியல் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய பிரிவு அடித்தளத்தில், சலவை அறைக்கும் சர்வர் அறைக்கும் நடுவில் இருந்தது. இடது சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பு, வலது சுவரைத் தொட்டால் ஐஸ். சர்வர் அறைக்குள் இருந்தவை நான்கே நான்கு பெரிய இரும்புப் பெட்டிகள்தான். அந்த நான்குக்குள் நாற்பத்திரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் குடியிருந்தன. உடம்பில்லாத கம்ப்யூட்டர்கள் என்று அவள் வீட்டில் விளக்குவாள். வார்டுக்கு ஒன்று, மருந்துக் கிடங்குக்கு ஒன்று, எக்ஸ்ரே பிரிவுக்கு ஒன்று என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று. உடம்புதான் இல்லையே தவிர, நிஜக் கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத் தொல்லையும் அவற்றுக்கு உண்டு. ஒவ்வொன்றிலும் முதலில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றியாக வேண்டும். ஏற்றும்போது அது கேள்வி கேட்கும். என்ன மொழி? எந்த டிஸ்க்? எத்தனை பாகமாகப் பிரிக்கட்டும்? மெஷினுக்கு என்ன பெயர்? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுத் தொலைத்தாலாவது பரவாயில்லை. இரண்டு கேள்வி கேட்கும், இருபது நிமிஷம் தனக்குள் எதையோ உருட்டும், மறுபடியும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அசையாமல் நிற்கும். எழுந்து போகவும் முடியாது, உட்கார்ந்து செய்ய வேறு வேலையும் இருக்காது.

அவளுடைய அம்மா அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில்தான் இறந்தாள். வயிற்று ஆபரேஷன் முடிந்த ஆறாவது நாள். அன்றைக்குக் காலை இரும்புப் பெட்டி ஒன்றில் டிஸ்க்குகள் போய், பதினோரு மெஷின்கள் மொத்தமாக விழுந்திருந்தன. ஏழாவது மெஷினை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, மேலே அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் போன் செய்தார்.

"அத்தை உன்னைத் தேடுறாங்க. வந்துட்டுப் போயேன்."

"இன்னும் ரெண்டு கேள்விதாங்க. முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்."

அந்த இரண்டாவது கேள்வி வர முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அவள் மாடியேறியபோது அம்மாவின் முகத்தைச் சரிசெய்து, போர்வையை மார்புவரை இழுத்துவிட்டிருந்தார் அந்த வார்டின் மூத்த நர்ஸ். எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். "கடைசி வரைக்கும் கையைப் பிடிச்சுட்டு இருந்தேன்மா. வலி இல்லாமத்தான் போனாங்க" என்றார் அவர்.

இனி ஒரு மனுஷி இப்படிக் கேள்விக்குக் காவல் உட்காரக் கூடாது என்று அவள் முடிவு செய்தது அந்த வாரத்தில்தான். யாரிடமும் சொல்லவில்லை. டியூட்டி முடிந்து தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து படித்தாள். கேட்கப்போகிற எல்லாக் கேள்விக்கும் பதிலை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், ஆள் இல்லாமலே சிஸ்டம் தன்னை ஏற்றிக்கொள்ளும். ஏற்றி முடித்ததும் அந்த மெஷின் முழுவதும் ஒரே கோப்பாகச் சுருண்டுகொள்ளும். அதற்கு இமேஜ் என்று பெயர். பிறகு புது மெஷின் வேண்டும்போதெல்லாம் அந்த இமேஜைப் பிரதி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனதற்காக நான்கு நாள் அலைந்தாள். டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில் அது ஒன்றுமே சொல்லாமல் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். "என்னதான் வேணும் உனக்கு, வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்" என்று தனியாகப் பேசிக்கொண்டிருந்ததைச் சலவைக்காரம்மா கேட்டுவிட்டு, "யாரம்மா உள்ள?" என்று எட்டிப் பார்த்தாள். நான்காவது மாதம் ஒரு மாலையில், ஒரு கேள்வியும் கேட்காமல், பதினொரு நிமிஷத்தில் ஒரு மெஷின் தானாக எழுந்து நின்றது. அவள் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

இரண்டே வாரத்தில் நாற்பத்திரண்டு மெஷின்களையும் புது இமேஜுக்கு மாற்றினாள். பிரிவின் தலைவருக்கு ஆகட்டும் சார் என்று பெயர். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். அவர் நிர்வாகக் கூட்டத்தில் "நாங்க புதுசா ஒண்ணு செஞ்சிருக்கோம்" என்று எழுந்து நின்று கைதட்டல் வாங்கிக்கொண்டார். அவளுக்கு அது உறைக்கவில்லை. ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போக முடிந்ததே, அது போதும் என்றிருந்தது.

கிட்டத்தட்ட ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. நான்காவது மாதக் கடைசியில் ஒரே ஒரு போன் வந்தது, மூன்றாவது மாடியிலிருந்து. பெரிய சிஸ்டர்தான்.

"சிடி, இந்த மருந்து லிஸ்ட்ல மணி கொஞ்சம் பின்னாடி காட்டுற மாதிரி இருக்கு. என்னன்னு பாரேன்."

"கம்ப்யூட்டர் திரையில கீழ் மூலையைப் பாருங்க சிஸ்டர். அங்க மணி சரியா இருக்கா?"

"அங்க சரியாத்தான் இருக்கு."

"அப்ப ஒண்ணும் இல்ல. ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடுங்க."

புகார்ப் பட்டியலில் 'சரிசெய்யப்பட்டது' என்று குறித்தாள். அன்றைக்குப் பிரிண்டர் புகாரே ஒன்பது இருந்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்து, மூன்றாவது மாடியில், ஒன்பதாம் எண் கட்டிலில் இருந்த ஒரு கொத்தனாருக்கு மூச்சு தடுமாறியது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். வயதானவர், சிறுநீரகமும் சரியில்லை. வலிக்காக அவருக்குப் போட்டது வீரியமான ஊசி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். காலை ஊசியை ஒரு புது நர்ஸ் போட்டிருந்தாள். கம்ப்யூட்டர் பதிவில் அது பத்து ஐந்து. மதிய ஊசியைப் போட்டவர் பெரிய சிஸ்டர். பதிவில் அது ஒன்று பதினெட்டு. நடுவில் மூன்று மணி பதின்மூன்று நிமிஷம்தான். கொத்தனாரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாள் மூச்சுக் கருவியில் கிடந்தார். மூன்றாம் நாள் கண் விழித்து, தன் மகளிடம் தண்ணீர் கேட்டார்.

விசாரணை வைத்தார்கள். பெரிய சிஸ்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "லிஸ்ட்ல பத்து அஞ்சுன்னு இருந்துச்சு. என் டியூட்டி ரெண்டு மணிக்கு முடிஞ்சுடுச்சு. நாலு மணி நேரம் ஆகட்டும்னு அஞ்சு நிமிஷம் கூடுதலா நின்னு, ரெண்டு அஞ்சுக்குத்தான் போட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் போட்டேன்."

காலையில் ஊசி போட்ட புது நர்ஸ், "பதினொண்ணுக்குக் கொஞ்சம் முன்னாடின்னு ஞாபகம், சரியாத் தெரியல" என்று மென்று விழுங்கினாள்.

விசாரணை அதிகாரி கம்ப்யூட்டர் பதிவைக் கேட்டு ஆள் அனுப்பினார். அதை அச்செடுத்து எடுத்துக்கொண்டு போனவள் சிடி அக்காதான். 'மேற்கண்ட நேரங்கள் கணினியில் பதிவானபடியே உள்ளன' என்று அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

அதிகாரி தாளைப் பெரிய சிஸ்டர் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்க ரெண்டு அஞ்சுங்கறீங்க. மெஷின் ஒண்ணு பதினெட்டுங்குது. மெஷினுக்கு உங்க மேல என்ன பகை? வீட்டுக்குக் கிளம்புற அவசரத்துல முன்னாடியே போட்டுட்டீங்க. ஒத்துக்கிட்டா உங்களுக்கும் நல்லது."

"போன மாசமே நான் போன் பண்ணிச் சொன்னேன், லிஸ்ட்ல மணி தப்பா இருக்குன்னு" என்றார் பெரிய சிஸ்டர். சொல்லிவிட்டு, கதவோரம் நின்றவளைப் பார்த்தார்.

சிடி அக்கா, "அப்ப பார்த்தோம் சார். சரியாத்தான் இருந்துச்சு" என்றாள். பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

சம்பவம் நடந்த பதினைந்தாம் நாள் உத்தரவு வந்தது. பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த பெரிய சிஸ்டர் தற்காலிகப் பணிநீக்கம்.

சேதி வந்த மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடி யோசித்தாள். பார்த்தோம் என்று சொன்னோமே, எதைப் பார்த்தோம்? வார்டில் இருக்கிற கம்ப்யூட்டரின் மூலையிலுள்ள மணியைச் சிஸ்டரையே பார்க்கச் சொன்னோம். ஆனால் ஊசி போட்ட நேரத்தைப் பதிவது அந்தக் கம்ப்யூட்டர் அல்ல. இங்கே அடித்தளத்தில் இருக்கிற, வார்டின் விர்ச்சுவல் மெஷின். அதன் மணியை யாராவது பார்த்தோமா?

டப்பாவை மூடிவிட்டு வந்து, மூன்றாவது மாடி மெஷினுக்குள் நுழைந்து மணியைக் கேட்டாள். திரையில் வந்தது பன்னிரண்டு இருபது. சுவரில் ஒன்று பன்னிரண்டு. ஐம்பத்திரண்டு நிமிஷம்.

காரணம் பிடிபட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விர்ச்சுவல் மெஷின்களைத் தினமும் ஒருமுறை நிறுத்திவைத்து நகல் எடுப்பார்கள். அந்தச் சில நொடிகள் மெஷின் உறைந்து நிற்கும். அதனுடைய கடிகாரமும் சேர்ந்து நிற்கும். வெளியே உள்ள ஒரு நேரச் சர்வரிடம் கேட்டு மணியைத் திருத்திக்கொள்ளும்படி அமைத்திருந்தால், எழுந்த உடனே சரியாகிவிடும். கையால் ஏற்றிய காலத்தில், எல்லாம் முடிந்தபின் அந்த அமைப்பையும் அவளே போட்டுவிடுவாள். சிஸ்டத்தை ஏற்றும்போது கேள்வி கேட்கிற இன்ஸ்டாலர் அதைக் கேட்பதில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கொண்டியைப் போடுவதுபோல விரல்கள் பழக்கத்தில் செய்துவந்த காரியம். விடைக் கோப்பை எழுதியபோது, கேட்கப்பட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதினாள். கேட்கப்படாததை எழுதவில்லை. ஒரு நாளைக்கு இருபது நொடி. சம்பவம் நடந்த அன்று அந்த மெஷின் ஏறி நூற்று நாற்பத்தொரு நாள். பெருக்கிப் பார்த்தால் சரியாக நாற்பத்தேழு நிமிஷம். ஒன்று பதினெட்டோடு நாற்பத்தேழைக் கூட்டினாள். இரண்டு அஞ்சு. பத்து ஐந்தோடு கூட்டினாள். பத்து ஐம்பத்திரண்டு. பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால்.

முதலில் வார்டுக்குப் போன் செய்தாள். "கம்ப்யூட்டர் காட்டுற நேரம் எதையும் நம்பாதீங்க. நான் சொல்ற வரைக்கும் எல்லா மருந்தையும் கடிகாரம் பார்த்துக் காகிதத்துல எழுதுங்க. இப்பவே." மற்ற வார்டுகளுக்கும் அப்படியே சொன்னாள். பிறகு திரையும் சுவர்க் கடிகாரமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தாள். அதன் பிறகுதான் மணியைத் திருத்தினாள்.

ஆகட்டும் சார் முழுவதையும் கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஆகட்டும் என்று சொல்லவில்லை.

"சரி பண்ணிட்டீங்கல்ல? அதோட விட்டுடுங்கம்மா. கொத்தனாரும் பிழைச்சுட்டாரு. அந்தச் சிஸ்டரையும் ரெண்டு மாசத்துல திரும்ப எடுத்துக்குவாங்க. இப்ப இதைக் கிளறினா உங்களோட போகாது, என்னையும் சேர்த்து இழுக்கும்."

"நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன் சார்."

"பதிவானபடியேன்னுதானே எழுதிக் கொடுத்தீங்க? அது உண்மைதானே?"

அந்த வார்த்தை அவளைக் குத்தியது. உண்மைதான். எழுத்துக்கு எழுத்து உண்மை.

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். லென்ஸ் தேய்க்கிற வேலை. மாலையில் கடைக்கே போய், வாடிக்கையாளர் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"எப்ப சொல்லப் போற?" என்றார்.

"சொல்லணுமான்னு கேட்க மாட்டீங்களா?"

"தப்பான பவர்ல கண்ணாடி கொடுத்துட்டா, அந்த ஆளைத் தேடிக் கூப்பிட்டு மாத்திக் கொடுப்பேன். அவரு திட்டுவாரு. கேட்டுக்குவேன். வேற வழி ஏதாச்சும் இருந்தா நீ சொல்லு, நானும் தெரிஞ்சுக்கறேன்."

"வேலை போயிடும்ங்க."

"போனா போகட்டும்னு வீராப்பா சொல்ல மாட்டேன். போனா கஷ்டம்தான்" என்றார் அவர். கடை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு அவளோடு நடந்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவள் பெரிய சிஸ்டர் வீட்டுக்குப் போனாள். மாடிப்படியோடு ஒட்டிய சின்ன வீடு. ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்த சிஸ்டர் அவளைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே சொன்னாள். இருபது நொடி, நூற்று நாற்பத்தொரு நாள், நாற்பத்தேழு நிமிஷம். எதையும் பூசி மெழுகவில்லை. "நீங்க போன் பண்ணினப்ப நான் பார்க்கல சிஸ்டர். பார்த்தேன்னு விசாரணையில சொன்னதும் தப்பு."

சிஸ்டர் கையிலிருந்த துணியை முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டார்.

"என் பொண்ணு நர்சிங் படிக்குது. 'அம்மா, நிஜமாவே ரெண்டு மணி வரைக்கும் நின்னியா'ன்னு அதுவே கேட்டுடுச்சு" என்றார். "அதுகூடப் பரவாயில்ல. ரெண்டு வாரமா நானே நினைக்க ஆரம்பிச்சுட்டேன், ஒருவேளை நான்தான் கடிகாரத்தைத் தப்பாப் பார்த்தேனோன்னு. தினமும் அந்த மத்தியானத்தைத் திரும்பத் திரும்ப நடந்து பார்க்கறேன். ஒரு கட்டத்துல ஒண்ணு பதினெட்டுக்குப் போட்ட மாதிரியே ஞாபகம் வருது. அந்த அளவுக்கு ஆயிடுச்சு எனக்கு."

மன்னிப்பு என்ற வார்த்தை அந்த இடத்தில் ரொம்பச் சின்னதாகத் தெரிந்ததால் சிடி அக்கா அதைச் சொல்லவில்லை.

"போய் அவங்ககிட்ட சொல்லு" என்றார் சிஸ்டர். "என்கிட்ட சொல்லி என்ன?"

சொன்னாள். போட்டோவையும், கணக்கையும், விடைக் கோப்பின் அச்சுப் பிரதியையும் விசாரணை அதிகாரியின் மேசையில் வைத்தாள். வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்துச் சரிபார்த்தார்கள். பத்து நாளில் பெரிய சிஸ்டருக்கு உத்தரவு ரத்தாகி, வருத்தம் தெரிவித்து ஒரு கடிதமும் போயிற்று. கொத்தனாரின் மகளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்கள். அப்போது சிடி அக்காவும் அறையில் இருந்தாள். மகள் அவளை ஏறிட்டு, "அப்பா இப்பவும் ராத்திரி ஆனா தூங்கப் பயப்படுறாரு, மூச்சு நின்னுடுமோன்னு" என்று மட்டும் சொன்னாள்.

வேலை போகவில்லை. பொறுப்பிலிருந்து இறக்கினார்கள், கோப்பில் கண்டனம் ஏறிற்று. ஆகட்டும் சார் ஒரு வருஷம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி எல்லாவற்றையும் பழையபடி கையாலேயே ஏற்ற வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது, பேச அனுமதி இல்லாதவள் எழுந்து நின்று பேசினாள். "கையால ஏத்தினா ஒரு மெஷின்ல தப்பு வரும், அது யாருக்கும் தெரியாது. இதுல நாற்பத்திரண்டுலயும் ஒரே தப்பு வந்துச்சு. அதனாலதான் ஒரே இடத்துல திருத்த முடிஞ்சுது. இமேஜைத் தூக்கிப் போடாதீங்க. அது வெளிய போறதுக்கு முன்னாடி அதைச் சோதிக்க விடுங்க." விட்டார்கள். அதன் பிறகு எந்த இமேஜ் உருவானாலும், அது முதலில் தனியாக எழுந்து, மணி சரியா, நிறுத்தி எழுப்பினாலும் சரியா என்று முப்பத்தொரு சோதனைகளில் தேறியாக வேண்டும். ஒன்றில் தவறினாலும் அது அங்கேயே அழிக்கப்படும். அந்த முப்பத்தொன்றை எழுத, அவள் தன் விரல்களைத் தானே உட்கார்ந்து கவனிக்க வேண்டியிருந்தது. வெற்று மெஷின் ஒன்றைக் கையால் ஏற்றிக்கொண்டே, யோசிக்காமல் செய்கிற ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி நோட்டில் குறித்தாள்.

பெரிய சிஸ்டர் வேலைக்குத் திரும்பி மூன்று மாதம் ஆன பிறகு, ஒரு மத்தியானம் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். அதுவரை இருவரும் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அந்தக் கோப்புல இருந்துச்சுன்னியே, அந்தத் தப்பு. எனக்குக் காட்டு" என்றார்.

அவள் பழைய கோப்பைத் திறந்தாள். சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புரியாத வரிகளை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுல எது தப்பு?"

"எதுவும் தப்பு இல்ல சிஸ்டர். ஒரு வரி இல்ல. அதான் தப்பு." இரண்டு வரிகளுக்கு நடுவில் விரலை வைத்தாள். "இந்த இடத்துல இருந்திருக்கணும்."

சிஸ்டர் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் சலவை மெஷின் சுற்றி ஓய்ந்தது.

"இப்ப இருக்கா?"

"இருக்கு." புதுக் கோப்பைத் திறந்தாள்.

"படி."

அவள் வாய்விட்டுப் படித்தாள். நேரச் சர்வரின் பெயர், எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் யாருக்கு எச்சரிக்கை போக வேண்டும். சிஸ்டர் நடுவில் நிறுத்தி, "எச்சரிக்கை யாருக்குன்னு?" என்று கேட்டார். "எனக்கும், அந்தந்த வார்டுக்கும்" என்றாள். அவர் தலையசைத்தார்.

"வார்டுக்குன்னா டியூட்டியில இருக்கறவங்க கண்ணுல படுற மாதிரி வரணும். மூலையில எங்கயாவது வந்தா யாரும் பார்க்க மாட்டாங்க. நாங்க திரையைப் பார்க்கறதே ரெண்டு நொடிதான்."

அவள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு ஆள் மேலே வருகிறான் என்று சொல்லிவிட்டு, படியேறிப் போனார்.